கடல்ல கெடக்குற போயா யாருக்குச் சொந்தம்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் நாகப்பட்டினம் மாவட்டத்துல ஒரு மீனவ கிராமத்துக்காரன். இருபத்தோரு வயசு வரைக்கும் சித்தப்பாவோட விசைப்படகுல கடலுக்குப் போனவன், இப்போ ஒரு ஐஸ் கம்பெனியில கணக்கு எழுதுறேன், உங்க பேப்பரை தினமும் காலைல அங்கதான் படிக்கிறேன். பத்திரிகைக்கு லெட்டர் எழுதுறது இதுதான் முதல் தடவ. ரொம்ப நாளா மனசுல கெடந்த விஷயம், கொஞ்சம் நீளமா போயிடுச்சு, பொறுத்துக்குங்க.

வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல் ஒண்ணு இந்தியப் பெருங்கடல் பக்கம் வருதுன்னாலே பேப்பர்லயும் டிவியிலயும் உளவுக் கப்பல் உளவுக் கப்பல்ங்கற ஒரே பேச்சுதான். 2022 ஆகஸ்ட்ல சீனாவோட யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தப்பவும் அப்படித்தான், அடுத்த வருஷம் ஷி யான் 6 கொழும்புக்கு வந்தப்பவும் அப்படித்தான், 2024-ல இலங்கை ஒரு வருஷத்துக்கு எந்த வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பலும் வேண்டாம்னு நிறுத்தி வச்சப்பவும் அதே பேச்சுதான். சந்தேகப்படுறதுல நியாயமில்லைன்னு நான் சொல்லல, கடலுக்கு அடியில எங்க எவ்ளோ ஆழம்னு அளந்தா அது நீர்மூழ்கிக் கப்பலுக்கும் உதவும்னு சின்னப் பிள்ளைக்குக்கூட தெரியும், அரசாங்கம் உஷாரா இருக்கத்தான் வேணும். ஆனா இந்த ஒரு பேச்சையே கேட்டுக் கேட்டு, நாடுங்க எல்லாம் சேந்து கடலை ஆராய்ச்சி பண்றதுன்னாலே ஏதோ நமக்கு ஆகாத காரியம்னு எங்க ஊர்ப் பசங்க நெனைக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதுதான் எனக்குத் தாங்கல. ஏன்னா அந்தக் கூட்டு வேலை இல்லாததால செத்தவங்க எங்க ஊர்ல இருக்காங்க, அந்தக் கூட்டு வேலையால பொழைச்சவங்களும் இருக்கோம்.

மொதல்ல நான் செஞ்ச தப்பைச் சொல்லிடறேன்.

2010 வாக்குல இருக்கும். தங்கல் போயிருந்தோம், கரையை விட்டு மூணாவது நாள். ராத்திரி ரெண்டு மணிக்கு மேல தூரத்துல ஒரு லைட்டு விட்டு விட்டு மின்னுது, டிரைவர் அண்ணன் பாத்த உடனே படகைத் திருப்பிட்டாரு. கிட்ட போனா மஞ்சள் கலர்ல பெரிய தட்டு மாதிரி ஒண்ணு மெதக்குது, ரெண்டு மூணு ஆளு ஏறி நிக்கலாம், நடுவுல கம்பம், கம்பத்து உச்சியில காத்து அளக்குற கிண்ணம் சுத்துது, சுத்தி சோலார் தகடு. கடலையும் காத்தையும் அளக்க நடுக்கடல்ல நிறுத்தி வச்சிருக்குற மிதவை, எங்க பாஷையில போயா. போயாவுக்கு அடியில மீன் கூடும்னு கடலுக்குப் போற எல்லாருக்கும் தெரியும், அதுல ஒட்டுற பாசிக்கும் நெழலுக்கும் சின்ன மீன் வரும், அதத் தின்ன பெருசு வரும். கயித்தைப் போட்டு படகை அதுல கட்டிட்டோம். பாறை மீனும் சூரை மீனுமா தூண்டில் எறக்க எறக்க ஏறிச்சு, அந்த ட்ரிப்புல அப்படி ஒரு பாடு வேற எங்கயும் இல்ல.

விடியக்காலைல காத்து ஏறிடுச்சு. படகு ஒரு பக்கம் இழுக்குது, போயா இன்னொரு பக்கம் இழுக்குது, இழுத்த இழுப்புல கம்பம் சாஞ்சுது, கயிறு முறுக்கிக்கிட்டு அவுக்க வரல, கடைசியில கத்தி போட்டு அறுத்துட்டு வந்தோம். நாங்க அறுத்தது எங்க கயித்தை மட்டும்தானா, இல்ல அடியில போற சென்சார் கயித்துலயும் கத்தி பட்டுச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது, இருட்டுல யாரும் பாக்கல. வர்றதுக்கு முன்னாடி ஒருத்தர் ஸ்பேனரை எடுத்து சோலார் தகடு ஒண்ணைக் கழட்டிட்டாரு. அந்தத் தகடு ரெண்டு வருஷம் எங்க வலைக் கொட்டகை கூரை மேல இருந்துச்சு. ஒரு பல்பு எரியும். அந்த வெளிச்சத்துல உக்காந்து நானும் வலை பின்னியிருக்கேன்.

ஒரு வருஷம் கழிச்சு துறைமுகத்துல ஒரு கூட்டம் போட்டாங்க, சென்னைலேர்ந்து கடல் ஆராய்ச்சி பண்ற ஒரு அம்மா வந்திருந்தாங்க. பெரிய பேச்செல்லாம் பேசல. லேப்டாப்பைத் திருப்பி ஒரு கோடு காட்டுனாங்க, கடலோட சூடு நாளுக்கு நாள் ஏறி எறங்குற கோடு, நெளிஞ்சு நெளிஞ்சு வருது, ஒரு எடத்துல சட்டுன்னு நின்னு போச்சு, அதுக்கப்புறம் மூணு மாசத்துக்கு வெறும் வெள்ளை. இந்த எடத்துல என்ன ஆச்சுன்னு யாராவது சொல்ல முடியுமான்னு கேட்டாங்க. ஒருத்தரும் வாயைத் தொறக்கல. எனக்கு மட்டும் காதெல்லாம் சுட்டுது. அது நாங்க கட்டின போயாதானான்னு தெரியாது, அந்தம்மா அதப் பத்திக் கேக்கவும் இல்ல. அந்தக் கயித்துல மேலேர்ந்து 500 மீட்டர் ஆழம் வரைக்கும் சென்சார் மாட்டியிருக்கும், கயிறு அறுந்தா மொத்தமும் அடியில போயிடும், திரும்ப மாட்டணும்னா கப்பல் எடுத்துட்டு நாள்கணக்கா போகணும்னு மட்டும் சொன்னாங்க. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க, அது இன்னும் காதுல கேக்குது. இந்தக் கோட்டை நான் மட்டும் பாக்கல தம்பி, நமக்கு மழை எப்ப வரும்னு கணக்குப் போடுற எத்தனையோ நாட்டுக்காரங்க பாக்குறாங்க, அவங்க போட்ட போயா காட்டுற கோட்டை நாங்க பாக்குறோம்னாங்க.

அன்னிக்கு ராத்திரிதான் நான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். தெரிஞ்சுகிட்டதுல கொஞ்சம் உங்க வாசகர்களுக்கும் சொல்லணும்.

1950-கள் வரைக்கும் உலகத்துல இருக்குற பெருங்கடல்ல ஆராய்ச்சிக்காரங்களுக்கு ரொம்பக் கம்மியா தெரிஞ்சது நம்ம கடல்தான். சுத்தி இருந்ததெல்லாம் அப்போதான் சுதந்திரம் வாங்கின நாடு, இல்லன்னா இன்னும் வாங்காத நாடு, கப்பலுக்குக் காசு எங்க இருக்கும். 1959-லேர்ந்து 1965 வரைக்கும் சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம்னு ஒண்ணு நடந்துச்சு, 14 நாடு, நாப்பதுக்கும் மேல கப்பல். அமெரிக்காவும் சோவியத்தும் ஒண்ண ஒண்ணு அணுகுண்டை வச்சு மெரட்டிக்கிட்டிருந்த காலம் அது. அந்தக் காலத்துல ரஷ்யாக்காரன் வித்யாஸ் கப்பலும், அமெரிக்கக் கப்பலும் ஒரே கடலை அளந்து ஒரே அட்லஸ்ல கணக்கு எழுதியிருக்காங்க. அமெரிக்கா அனுப்புன ஆன்டன் ப்ரூன் கப்பல் அதுக்கு முன்னாடி அவங்க ஜனாதிபதி ட்ரூமன் பவனி வந்த கப்பலாம், அத ஆராய்ச்சிக்கு மாத்திட்டாங்க. நம்ம கடற்படைக் கப்பல் கிஸ்ட்னா போச்சு, பாகிஸ்தானோட ஜுல்ஃபிகார் போச்சு. கடைசி வருஷம் 1965-ல ரெண்டு நாட்டுக்கும் சண்டையே வந்துச்சு, ஆனா ரெண்டு பேரும் கடல்ல எடுத்த அளவு இன்னிக்கும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கு.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது வலைக் கதை. கடல்ல கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும் மெதக்குற சின்னச் சின்ன உயிர், அதத்தான் நெத்திலியும் மத்தியும் தின்னுது, அது எங்க எவ்ளோ இருக்குன்னு பாக்கணும். ஆளாளுக்கு ஒரு வலை போட்டா கணக்கு எப்படி ஒத்து வரும்? வலைக்காரங்களுக்கு இது சொல்லவே வேணாம், கண்ணி அளவு மாறினா பாடு மாறிடும், வாய் அகலம் மாறினாலும் மாறிடும். அதனால எல்லா நாட்டுக் கப்பலும் ஒரே மாதிரி வலைதான் போடணும்னு முடிவு பண்ணி, இந்தியப் பெருங்கடல் தர வலைன்னே ஒண்ணு செஞ்சாங்க, வாய் 1 சதுர மீட்டர், 200 மீட்டர் ஆழத்துக்கு எறக்கி நேரா மேல இழுக்கணும். எந்தக் கொடி பறந்தாலும் அதே வலை, அதே ஆழம். புடிச்சதையெல்லாம் கொச்சிக்குக் கொண்டு வந்து அங்க ஒரு மையத்துல உக்காந்து பிரிச்சு எடுத்தாங்க. யோசிச்சுப் பாருங்க, ஜப்பான்காரன் வலையில வந்ததும் ஜெர்மன்காரன் வலையில வந்ததும் கொச்சியில நம்ம ஆளுங்க கையில. அந்த வேலை முடிஞ்ச கையோட 1966 ஜனவரி 1-ஆம் தேதி தேசிய கடலியல் நிறுவனத்தை ஆரம்பிச்சாங்க, இப்போ அதோட தலைமை எடம் கோவாவுல இருக்கு. இன்னிக்கு நம்ம நாட்டுல கடல் ஆராய்ச்சின்னு இருக்குறதுக்கு ஆணிவேர் அந்தக் கூட்டுதான். 50 வருஷம் கழிச்சு 2015-ல அதே மாதிரி ரெண்டாவது பயணமும் கோவாவுலதான் தொடங்குச்சு.

சரி, இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம், மீன் புடிக்கிறவனுக்கு என்னன்னு கேப்பாங்க. அதுக்கு நான் 2004-க்குப் போகணும்.

டிசம்பர் 26, ஞாயித்துக்கிழம. சுமத்ராவுல பூமி ஆடுனது நம்ம நேரத்துக்குக் காலைல 6 மணி 28 நிமிஷம். எங்க ஊருக்குத் தண்ணி வந்தது ஒன்பது மணி சுமாருக்கு. நடுவுல ரெண்டரை மணி நேரம். எனக்கு அப்போ பதினாலு வயசு, அத்தை கரையில மீன் ஏலத்துல நின்னுக்கிட்டு இருந்தாங்க, அவங்க ரெண்டு பிள்ளைங்களும் கூட இருந்துச்சு. மூணு பேரும் இல்ல. நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க.

அந்த ரெண்டரை மணி நேரத்துல என்ன நடந்துச்சுன்னு பின்னாடி படிச்சப்போ எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. ஹவாய்ல பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கு, 1949-லேர்ந்து இருக்கு. 1960-ல சிலியில பூகம்பம் வந்து ஹவாய்லயும் ஜப்பான்லயும் ஆளு செத்தப்புறம் பசிபிக் ஓரத்து நாடெல்லாம் ஒண்ணு சேந்து எச்சரிக்கைக்கு ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. 2004 அன்னிக்கு பூமி ஆடுனது அந்த ஹவாய் மையத்துக்குத் தெரிஞ்சுது, கால் மணி நேரத்துல அறிக்கையும் விட்டாங்க, பசிபிக்குக்கு ஆபத்து இல்லன்னு. இந்தியப் பெருங்கடலுக்கு யாரைக் கூப்பிடணும், எந்த நம்பருக்குப் போடணும்னு ஒரு ஏற்பாடே கெடையாது. அதைவிடக் கொடுமை, அமெரிக்காவும் பிரான்சும் சேந்து விட்ட ஜேசன் 1 சாட்டிலைட் பூகம்பம் வந்து ரெண்டு மணி நேரத்துல வங்காள விரிகுடாவுக்கு மேல போயிருக்கு, அலையை அளந்தே இருக்கு, நடுக்கடல்ல அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல. அந்த டேட்டாவை எறக்கி கணக்குப் பாத்து இதுதான் சுனாமின்னு தெரிய இன்னும் பல மணி நேரம் ஆச்சு. வானத்துலேர்ந்து ஒரு கண்ணு பாத்துக்கிட்டு இருந்திருக்கு, கீழ நின்ன எங்க அத்தைக்குச் சொல்லத்தான் யாரும் இல்ல.

அதே அன்னிக்கு புதுச்சேரி நல்லவாடு கிராமத்துல என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். அந்த ஊர்ப் பையன் ஒருத்தர் சிங்கப்பூர்ல வேலையில இருந்தாரு, அங்க டிவியில செய்தி பாத்துட்டு வீட்டுக்குப் போன் போட்டாரு, ஊர்ல கிராம அறிவு மையம் வச்சிருந்த மைக்கு இருந்துச்சு, அதுல சொல்லி மொத்த ஊரும் ஓடிப் பொழைச்சுது. ஒரு நாட்டுலேர்ந்து இன்னொரு நாட்டுக்கு ஒரு போன் கால். இந்த சர்வதேச ஒத்துழைப்புன்னு பெரிய வார்த்தையா சொல்றாங்களே, அது எங்களுக்கு அந்த போன் கால்தான். அத ஒரு தனி ஆளோட புண்ணியத்துக்கு விடாம ஏற்பாடா ஆக்கணும், அவ்ளோதான்.

ஆக்கவும் செஞ்சாங்க. 2005-ல யுனெஸ்கோவோட கடலியல் ஆணையம் தலைமையில நாடுங்க கூடுச்சு, இன்னிக்கு 28 நாடு அதுல இருக்கு. 2007 அக்டோபர்ல ஹைதராபாத்ல இன்காய்ஸ்ங்கற கடல் தகவல் மையத்துல நம்ம சுனாமி மையம் வந்துச்சு. 2011-லேர்ந்து இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூணும்தான் மொத்த இந்தியப் பெருங்கடலுக்கும் எச்சரிக்கை குடுக்குது, அது வரைக்கும் அந்த வேலையை ஹவாயும் ஜப்பானும் நமக்காகப் பாத்துக்கிச்சு. அடுத்த வருஷமே சோதனை வந்துச்சு. 2012 ஏப்ரல் 11, மத்தியானம் 2 மணி தாண்டி, மறுபடியும் சுமத்ரா பக்கம், 8.6. பத்து நிமிஷத்துக்குள்ள ஹைதராபாத்லேர்ந்து தகவல் வந்துடுச்சு. எங்க ஊர்ல மைக்குல சொல்றாங்க, போலீஸ் வருது, எல்லாரும் மேட்டுக்கு ஓடுறோம், எங்க அம்மா ஓடும்போது அத்தை பேரைச் சொல்லி அழுதுகிட்டே ஓடுனது எனக்கு மறக்காது. அன்னிக்கு பூமி மேல கீழ ஏறி எறங்காம பக்கவாட்டுல நகந்ததால பெரிய அலை வரல. கடலுக்கு அடியில வச்சிருக்குற அழுத்தம் அளக்குற மெஷினும் கரையில இருக்குற அலைமானியும் பாத்துதான் பயம் இல்ல திரும்பிப் போங்கன்னு சொன்னாங்க. அந்த அடிக்கடல் மெஷின், ஆயிரக்கணக்கான மீட்டர் தண்ணிக்கு அடியில உக்காந்துகிட்டு மேல கடல் சில சென்டிமீட்டர் ஏறினாலும் கண்டுபுடிச்சுடும். கண்டுபுடிச்சத அது யாருக்கிட்ட சொல்லும்? மேல மெதக்குற போயாவுக்கிட்டதான். போயாதான் சாட்டிலைட்டுக்குச் சொல்லும். நாங்க கட்டுனது சுனாமி போயாவா மழை போயாவான்னு எனக்குத் தெரியாது, ஆனா அன்னிக்கு மேட்டுல நின்னுக்கிட்டு வலைக் கொட்டகையில எரியுற அந்த பல்பை நெனைச்சேன். மறுநாளே சித்தப்பாக்கிட்ட சண்டை போட்டு அத எறக்க வச்சேன்.

போயா மட்டும் இல்ல, ஆர்கோன்னு ஒரு மிதவை இருக்கு, இது எங்க ஆளுங்க வலையிலயும் கரையிலயும் எப்பவாவது சிக்கும். ஆளு உயரத்துக்குக் கொஞ்சம் கம்மி கூட, உருளையா, தலையில ஆன்டெனாவோட இருக்கும், 20 கிலோவுக்கு மேல வெயிட்டு. பாத்தா குண்டு மாதிரிதான் இருக்கும், அதனால பயப்படுறதுல தப்பில்ல. அதுக்கு இன்ஜின் கெடையாது. மீனுக்கு உள்ள காத்துப்பை இருக்குல்ல, எங்க ஊர்ல நெட்டின்னு சொல்றது, அது மாதிரி இதுக்கு ஒரு ரப்பர் பை. உள்ள இருக்குற எண்ணெயை அந்தப் பைக்குள்ள தள்ளுனா உருவம் கொஞ்சம் பெருசாகி மேல வரும், திரும்ப உள்ள இழுத்துக்கிட்டா கீழ போகும். 1000 மீட்டர் ஆழத்துல நீவாடு, அதாவது நீரோட்டம், இழுத்த பக்கம் போய்க்கிட்டே இருக்கும், பத்து நாளைக்கு ஒரு தடவ 2000 மீட்டருக்கு எறங்கி அங்கேர்ந்து மேல வர வர சூடு எவ்ளோ உப்பு எவ்ளோன்னு அளந்துக்கிட்டே வரும், வந்து சாட்டிலைட்டுக்கு அனுப்பிட்டு மறுபடி முங்கிடும். உலகம் பூரா இப்படி ஏறக்குறைய 4000 மிதவை சுத்துது, முப்பது நாடு கிட்ட சேந்து போட்டது, நம்ம நாடும் போடுது. டேட்டா 24 மணி நேரத்துக்குள்ள யார் வேணும்னாலும் பாக்கலாம், காசு கெடையாது, பாஸ்வேர்டு கெடையாது. ஐஸ் கம்பெனியில உக்காந்துகிட்டு நானே போன்ல பாத்திருக்கேன், வங்காள விரிகுடாவுல புள்ளி புள்ளியா இருக்கு, ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு நாட்டுக்காரன் போட்டது.

அந்தப் புள்ளிக்கும் எங்க வீட்டுக் கூரைக்கும் என்ன சம்பந்தம்னா, புயல்தான். கங்கை, பிரம்மபுத்ரா, ஐராவதி தண்ணியெல்லாம் வந்து கொட்டுறதால வங்காள விரிகுடா மேல உப்புக் கம்மியான லேசான தண்ணி ஒரு ஆடை மாதிரி படிஞ்சு கெடக்கும், பாலு மேல ஏடு கட்டுற மாதிரி. அது கீழ இருக்குற தண்ணியோட லேசுல கலக்காது, வெயில் சூட்டை அப்படியே புடிச்சு வச்சுக்கும், புயல் அது மேல வந்தா அந்தச் சூட்டைக் குடிச்சு வளரும். மேலாப்புல எவ்ளோ சூடுன்னு சாட்டிலைட் சொல்லிடும், அடியில எவ்ளோ ஆழம் வரைக்கும் சூடு இருக்குன்னு தண்ணிக்குள்ள எறங்குனாதான் தெரியும். 2016-ல நம்ம சிந்து சாதனா கப்பல்ல இந்தியாக்காரங்களும் இங்கிலாந்துக்காரங்களும் சேந்து போய் இலங்கைக்குத் தெக்கால சுத்திக்கிட்டு வர்ற உப்புத் தண்ணி எப்படி விரிகுடாவுக்குள்ள நுழையுதுன்னு அளந்துட்டு வந்தாங்க. 2018 நவம்பர்ல கஜா வந்தப்போ எங்களுக்கு நாள்கணக்குல முன்னாடியே சொல்லிட்டாங்க, கூரை போச்சு, தென்னை போச்சு, படகு போச்சு, ஆனா எங்க தெருவுல ஒரு உசிரு போகல.

கன்னியாகுமரி பக்கம் கள்ளக்கடல்னு ஒண்ணு வரும். காத்து இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்துக் கெடக்கும், திடீர்னு கடல் எழும்பி உள்ள வந்துடும். 2024 மே மாசம் டாக்டருக்குப் படிச்ச அஞ்சு பிள்ளைங்க லெமூர் கடற்கரையில போனதும் அந்த மாதிரி நாள்லதான். அந்த அலை இங்க பொறந்தது இல்ல, தென் துருவத்துக்குப் பக்கத்துல எங்கயோ அடிக்கிற புயல்ல பொறந்து நாள்கணக்கா ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து இங்க வருது. நம்ம எல்லைக்குள்ள மட்டும் எத்தனை மெஷின் வச்சாலும் அது பொறக்குறத நாம பாக்க முடியாது. அங்க யாரோ போட்ட மிதவையும் யாரோ விட்ட சாட்டிலைட்டும்தான் பாக்கணும். கள்ளன் மாதிரி வர்ற கடல்னு கேரளா மீனவன் வச்ச பேரு அது, அதே பேரை யுனெஸ்கோ 2012-ல உலகத்துக்கே ஏத்துக்கிச்சு. எத்தனை பேருக்கு இது தெரியும்? மீன் புடிக்கிறவன் வாயிலேர்ந்து வந்த சொல்லு, இன்னிக்கு சயின்ஸ் கட்டுரையில இருக்கு.

இதையெல்லாம் இப்போ எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. ஆர்கோ மிதவையில கிட்டத்தட்ட பாதி அமெரிக்கா போட்டது. அவங்க அரசாங்கம் 2026 நிதியாண்டு பட்ஜெட்டுக்கு வச்ச திட்டத்துல நோவாங்கற கடல் வானிலை அமைப்போட ஆராய்ச்சிப் பிரிவையே எடுத்துடலாம்னு எழுதினாங்க. மிதவை ஒண்ணு நாலஞ்சு வருஷம்தான் ஓடும், பேட்டரி தீந்தா போச்சு, புதுசு போட்டுக்கிட்டே இருக்கணும். ஒரு பெரிய பங்காளி கையை எடுத்துக்கிட்டா வலையில அந்தப் பக்கம் கண்ணி பிஞ்ச மாதிரிதான். ராமான்னு ஒரு போயா வரிசை இருக்கு, 2004-லேர்ந்து இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், இந்தோனேசியாவெல்லாம் சேந்து நம்ம பருவமழைக்காகவே போடுறது, 46 எடத்துல போடணும்னு மொதல்ல திட்டம் போட்டாங்க. ஆப்பிரிக்கா பக்கம் சோமாலியா கடல் கொள்ளைக்காரங்களால வருஷக்கணக்கா போட முடியல, இந்தப் பக்கம் எங்கள மாதிரி ஆளுங்க கட்டி இழுத்துக் கெடுத்தோம். கொள்ளைக்காரன் செஞ்சதும் நாங்க செஞ்சதும் ஒரே அறிக்கையில பக்கத்துப் பக்கத்து வரியில வர்றத படிக்கும்போது எப்படி இருக்கும்னு சொல்லத் தெரியல.

அரசாங்கத்துக்கிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான். நம்ம பங்கைக் கூட்டுங்க. மிதவைக்குக் காசு, கப்பலுக்கு டீசல், அந்த அம்மா மாதிரி ஆளுங்களுக்கு நெரந்தர வேலை. சென்னை பள்ளிக்கரணையில தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு, 1993-லேர்ந்து இருக்கு, நம்ம வாசல்லயே இருக்கு, எங்க பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு அந்த எடம் தெரியும்? வெளிநாட்டுக் கப்பல் விஷயத்துலயும் கதவைச் சாத்துறது வழி இல்லன்னு எனக்குத் தோணுது. ஒரு நாட்டுக் கரையிலேர்ந்து 200 கடல் மைலுக்குள்ள ஆராய்ச்சி பண்ணணும்னா ஆறு மாசம் முன்னாடி சொல்லி அனுமதி வாங்கணும், அந்த நாட்டு சயின்டிஸ்ட்டைக் கப்பல்ல ஏத்திக்கணும், எடுத்த டேட்டாவை அவங்களுக்கும் குடுக்கணும்னு சர்வதேச கடல் சட்டத்துலயே இருக்கு. அந்தச் சட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு நம்ம ஆளையும் ஏத்தி அனுப்புங்க. டேட்டாவைத் தர மாட்டேங்கறவனை அப்போ சந்தேகப்படலாம்.

எங்க ஆளுங்களுக்கும் ஒரு வார்த்தை. போயாவுல படகைக் கட்டாதீங்க, அடியில மீன் இருந்தாலும் எட்ட நின்னு தூண்டில் போடுங்க, மைல் கணக்குல தள்ளி நின்னா இன்னும் நல்லது. மிதவை வலையில வந்தா ஒடைக்காதீங்க, பிரிக்காதீங்க, அதுல ஒட்டியிருக்குற ஸ்டிக்கரை போட்டோ புடிச்சு மீன்வளத் துறைக்கோ கடலோரக் காவலுக்கோ சொல்லுங்க. சொன்னா அலைய விடுவாங்கன்னு பயப்படுறீங்க, எனக்குத் தெரியும். எங்க பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் இப்படி ஒரு உருளையைக் கொண்டு போய் ஒரு அலுவலகத்துல குடுத்ததுக்கு, எங்கேர்ந்து திருடுனன்னு ரெண்டு நாள் உக்கார வச்சாங்க. அதுக்கப்புறம் அவரு வலையில தங்கமே வந்தாலும் கடல்ல திரும்பப் போட்டுடுவேன்னுட்டாரு. அந்த அதிகாரிக்கு அது என்னன்னே தெரியல, யாரும் அவருக்குச் சொல்லித் தரல. வந்து குடுக்குறவனுக்கு ஒரு நன்றி சொல்லி ஒரு நாள் டீசல் காசு குடுத்தா, அடுத்த தடவ பத்து பேரு வருவாங்க. நடுக்கடல்ல அந்தப் போயாவைத் தினமும் பாக்குறது எங்க ஆளுங்கதான், சயின்டிஸ்ட்டு வருஷத்துக்கு ஒரு தடவதான் வர முடியும். கம்பம் சாஞ்சிருக்கு, லைட்டு எரியலன்னு வாக்கி டாக்கியில நாங்க சொல்றத வாங்கிக்க ஒரு நம்பர் குடுங்க, நாங்களே காவலுக்கு இருப்போம்.

ஐயா, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கெழக்குக் கரையில மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள். எல்லாப் படகும் கரையில, எல்லா ஆளும் வலைக் கொட்டகையில இருப்பாங்க, பேப்பரை வரி விடாம படிக்கிறது அப்போதான். அந்த நேரத்துல ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்கி போயாவோட படம் ஒண்ணு, ஆர்கோ மிதவையோட படம் ஒண்ணு போட்டு, இது என்ன, எந்தெந்த நாடு சேந்து போட்டது, பாத்தா யாருக்குச் சொல்லணும்னு கொட்டை எழுத்துல போடுங்க. வெட்டி எடுத்து எங்க கொட்டகைச் சுவத்துல நானே ஒட்டிடறேன், அந்தப் பழைய சோலார் தகடு மாட்டியிருந்த எடத்துக்கு நேர் கீழ.

இப்படிக்கு,
நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரை வாசகன்